மாக்கோழியும் மாவிறைச்சியும்



அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இவ்விதழில் உணவைப் பற்றிச் சிந்திக்க முற்படுகிறோம். அறவுரைப் பகுதியில் அடுக்களைச் செய்தி எதற்கு என்று எவரும் ஐயுற வேண்டுவதில்லை. இல்லறத்தார்க்குரிய மூலகுணங்கள் எட்டினை வகுத்த சமந்தபத்திர ஆசாரியர், ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் என்னும் மூன்றையும் விலக்குதலைச் சேர்த்தே அவ்வெண்ணை நிறைவு செய்தார். எட்டில் மூன்று வாய்க்குள் செல்லும் பொருளைப் பற்றியவை. ஆகவே சாவகர்களாகிய நமக்கு அறத்தின் முதற்படி அடுக்களையிலேயே தொடங்குகிறது என்பது தெளிவு.

இந்நாளில் அவ்வடுக்களையின் வாயிலில் ஒரு புதிய பொருள் வந்து நிற்கிறது. சோயா, பட்டாணி, கோதுமை ஆகியவற்றின் புரதத்தைப் பிரித்தெடுத்து, ஊனின் நிறமும் மணமும் நாரும் தோன்றுமாறு ஆக்கப்பட்ட தாவர உணவே அது. மேலைநாடுகளில் 2016-ஆம் ஆண்டு முதல் இத்தகைய உணவுகள் பெருவழக்காயின. நம் நாட்டிலும் பெருநகரக் கடைகளில் இவை கிடைக்கின்றன. அயலூரிலும் அயல்நாட்டிலும் வாழும் நம் இளைஞர்கள் இவற்றைக் குறித்து இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். இதனை உண்பது அறத்துக்கு ஒக்குமா என்பது ஒன்று. உடலுக்கு நன்மை தருமா என்பது மற்றொன்று. "பெயரிலேயே ஊன் இருக்கிறதே, தொடவும் வேண்டா" என்கின்றனர் பெரியோர் சிலர். "உயிர் எதுவும் கொல்லப்படவில்லையே, தடை எதற்கு?" என்கின்றனர் இளைஞர் சிலர். இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல.

யசோதரன் செய்த பலி

மாவினால் ஊனுருவம் செய்வது இந்நூற்றாண்டின் புதுமை என்று எண்ணுவோர் நம் யசோதர காவியத்தை நினைவுகூர வேண்டும். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூல் கூறும் வரலாற்றை நம்மில் அறியாதார் இலர். தீக்கனவு கண்டதாகக் கூறிய யசோதர மன்னனிடம், சண்டமாரிக்கு உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் சந்திரமதி வற்புறுத்தினாள். உயிர்க்கொலைக்கு அஞ்சினான் மன்னன். தாயின் சொல்லைத் தட்டவும் அஞ்சினான். ஈற்றில் இருவரும் ஒரு சமரசத்துக்கு வந்தனர். உயிருள்ள கோழிக்கு மாறாக மாவினால் ஒரு கோழி செய்து பலியிட்டனர். விளைவு யாது? மயிலும் நாயுமாகப் பிறந்தது தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, கொன்றும் கொல்லப்பட்டும், இறுதியில் மெய்யான கோழிகளாகவே பிறந்து துன்புற்றனர். பின்னரே அபயருசி, அபயமதி என்னும் மக்கட்பிறவி எய்தினர்.

அந்த மாக்கோழியில் குருதி இல்லை, நரம்பில்லை, நோவும் இல்லை. ஆயினும் வினை பற்றியது. ஏன்? வாளை ஓங்கியபோது மன்னனின் உள்ளத்தில் இருந்தது கோழி, மாவு அன்று. புறத்தே நிகழும் கொலை திரவிய ஹிம்சை. அகத்தே எழும் கொலைநினைவு பாவ ஹிம்சை. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், விழிப்பற்ற, ஆசைவயப்பட்ட மனமொழி மெய்களையே அதற்கு வேராக வைத்தார். கருவி கையில் இருந்தாலும் வினை கருத்தில் விளைகிறது என்பதே சினநெறியின் துணிபு.

இவ்வரலாற்றைக் கொண்டு, தாவர ஊன் அனைத்தும் யசோதரனின் மாக்கோழியே என்று தீர்ப்பளித்துவிடலாமா? அவ்வாறு விரைதல் முறையன்று. யசோதரன் கொல்லாமையில் நின்றவன். அந்நிலையிலிருந்து கொலையை நோக்கி ஓர் அடி இறங்குவதற்கு மாவுருவைத் துணைக்கொண்டான். இன்று ஊனுண்ணும் குடியில் பிறந்த ஒருவர், இனி உயிர்க்கொலைக்கு உடன்படேன் என்று உறுதிபூண்டு, நாவின் நெடுநாட் பழக்கத்தை வெல்ல இயலாமல் சோயா உணவைத் துணைக்கொள்கிறார் எனில், அவர் கொலையிலிருந்து விலகி ஓர் அடி ஏறுகிறார். மாவு ஒன்றே, படியும் ஒன்றே. ஒருவர் இறங்குகிறார், மற்றவர் ஏறுகிறார். முகம் எத்திசையை நோக்கியது என்பதைப் பொறுத்தே வினை அமைகிறது.

பிற நாடுகளிலும் இப்படி ஏறுவோர்க்கென்றே இத்தகைய உணவுகள் தோன்றின. ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீன நாட்டை ஆண்ட லியாங் மரபின் ஊ மன்னர், பௌத்தத் துறவியர் ஊன் உண்பதை விலக்கினார். கோதுமைப் பசையாலும் சோயாக் கட்டியாலும் ஊன்போலச் சமைக்கும் கலை அந்நாட்டு மடங்களில் வளர்ந்தது. கி.பி. 965-ஐ ஒட்டி எழுந்த ஒரு சீன நூல், சோயாக் கட்டியை மக்கள் சிற்றாட்டிறைச்சி என்று அழைத்ததாகக் குறிக்கிறது. அமெரிக்காவில் மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக், தம் சமயம் அறிவுறுத்திய புலால் மறுத்தலைப் பின்பற்றுவோர்க்காக 1896-இல் நிலக்கடலையைக் கொண்டு ஓர் ஊன்மாற்று உணவை உருவாக்கினார். இவர்களை நாம் எள்ளுதல் தகாது. நம் அண்டைவீட்டார் ஒருவர் இப்படியில் கால் வைத்தால், அவரை வாழ்த்தி மேலேற்றுவதே சாவகர் கடன்.

ஆயின் பிறவி முதல் ஊனின் சுவை அறியாத நம் குழந்தைகளுக்கு, குருதிபோல் சிவந்து வடியுமாறு செய்யப்பட்ட ஓர் உணவை ஊட்டி, "இறைச்சி இப்படித்தான் இருக்கும்" என்று கற்பிப்பது எத்திசை நோக்கிய பயணம்? இல்லாத வேட்கையைத் தோற்றுவிப்பது அன்றோ அது? நோயில்லாதவனுக்கு மருந்து எதற்கு?

வலிமை எங்கே உள்ளது?

"அறம் கிடக்கட்டும், உடலுக்குப் புரதம் வேண்டுமே" என்னும் குரல் நம் காதில் விழாமல் இல்லை. இதனை நாம் இலேசாகக் கருதலாகாது. விடுதியில் தங்கிப் பயிலும் மாணவனிடம் உடற்பயிற்சி ஆசிரியர், "பருப்பில் என்ன இருக்கிறது? முட்டையாவது சாப்பிடு" என்கிறார். மகப்பேற்றுக்குப் பின் மெலிந்த மருமகளிடம் மருத்துவமனையில் அதே அறிவுரை கூறப்படுகிறது. அவ்வேளையில் அவர்களிடம் தக்க விடை இல்லையாயின், தலைமுறை தலைமுறையாகக் காத்த விரதம் ஒரே நாளில் நழுவும். ஆகையால் உணவின் சத்துக் கணக்கை அறிவதும் விரதத்தைக் காக்கும் வேலியே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். நம் வழக்கமான பொருள்களைக் கொண்டே கணக்கிடுவோம். 250 கிராம் அரிசியில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. 75 கிராம் பருப்பில் 16 கிராம். 300 மில்லிலிட்டர் பாலில் 9 கிராம். 25 கிராம் நிலக்கடலையில் 6 கிராம். கூட்டினால் 50 நிறைந்துவிட்டது! உயிர் எதுவும் அலறவில்லை. ஊனின் உருவமும் தேவைப்படவில்லை.

தாவரப் புரதம் முழுமையற்றது என்று சிலர் கூறுவர். அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. தானியத்தில் அது போதிய அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. வேதியியல் நூல் எழுதப்படுவதற்கு முன்பே அரிசியையும் பாசிப்பருப்பையும் சேர்த்துப் பொங்கலிட்டும், அரிசியையும் பருப்புகளையும் அரைத்து அடை வார்த்தும் இணைத்துவிட்டனர் நம் பாட்டியர். ஒரு நாளின் உணவில் இரண்டும் இடம்பெற்றால் போதும். ஒரே கவளத்தில் சேரவேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை கூறக் கடமைப்பட்டுள்ளோம். மேற்கண்ட கணக்கில் பருப்பும் பாலும் கடலையும் சேர்ந்து 31 கிராம் தந்தன. குழம்பில் பருப்பு மிதக்கும் அளவே இட்டு, தட்டு நிறையச் சோறு உண்ணும் இல்லத்தில் இந்த 31 கிராம் எங்கிருந்து வரும்? புலால் மறுத்தல் ஒன்றே உடல்நலத்தைத் தந்துவிடும் என்று இறுமாந்திருத்தல் தகாது. அது அறத்தைத் தரும். நலத்தைத் தட்டில் உள்ள பருப்பே தரும்.

புது உணவின் நிறையும் குறையும்

இனி ஊன்மாற்று உணவுகளின் தகுதியை நடுநிலையில் நின்று ஆராய்வோம்.

முதலாவது, நமக்கெல்லாம் நெடுநாள் அறிமுகமான மீல் மேக்கர். எண்ணெய் நீக்கிய சோயா மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிழிந்து செய்வது அது. உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 52 கிராம் புரதம் கொண்டது. கொழுப்பு மிகக் குறைவு. 30 கிராம் எடுத்து ஊறவைத்தால் 15 கிராம் புரதம் கிடைத்துவிடும். சோயாப் புரதம் தரத்தில் பாலின் புரதத்துக்கு நெருங்கியது. விலையும் எளியோர்க்கு எட்டுவது. ஊன் என்னும் பெயரையே நினையாமல், மற்றொரு பயறாகக் கருதி இதனைக் குழம்பிலும் கூட்டிலும் சேர்க்கலாம். இதற்கு மாறாக, கோதுமைப் பசையால் ஆன உணவில் புரதம் மிகுதியாயினும் லைசின் குன்றியிருப்பதால் தரம் தாழ்வு. பலாப்பிஞ்சு தோற்றத்தில் ஊனை ஒக்கும். புரதமோ 100 கிராமுக்கு 2 அல்லது 3 கிராமே. உருவம் வலிமை தராது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாவது, மேலைநாட்டு முறையில் ஆலைகளில் செய்யப்படும் வட்டத் துண்டங்கள். 113 கிராம் எடையுள்ள ஒரு துண்டத்தில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கும். ஊனில் இல்லாத நார்ச்சத்தும் சிறிது உண்டு. ஊனோடு ஒப்பிடின் இவை மேலானவை என்பதற்குச் சான்றும் உள்ளது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை எட்டு வாரம் தாவர ஊனும், எட்டு வாரம் விலங்கின் ஊனும் உண்ணச் செய்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. தாவர ஊன் உண்ட காலத்தில் தீய கொழுப்பு 121-லிருந்து 110 என்னும் அளவுக்குக் குறைந்திருந்தது. இதய நோயோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு வேதிப்பொருளும் குருதியில் குறைந்திருந்தது. அவ்வாய்வுக்கு நிதி அளித்தது தாவர ஊன் செய்யும் ஒரு நிறுவனமே என்பதையும் மறைக்காமல் கூறுதல் நேர்மை. மேலும், பதப்படுத்திய ஊன் மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் என்று உலக நல நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்ததையும் நினைவிற்கொள்க. அதனை நாள்தோறும் 50 கிராம் உண்பவர்க்குப் பெருங்குடற் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது.

குறைகளும் உள. அத்தகைய துண்டம் ஒன்றில் 350 முதல் 400 மில்லிகிராம் சோடியம் அடங்கும். நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை. தேங்காய் எண்ணெய் சேர்த்த வகைகளில் நிறைவுற்ற கொழுப்பும் மிகுதி. அட்டையில் எண்கள் ஒத்திருப்பதால் மட்டும் இரு உணவுகள் ஒன்றாகிவிடா. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தாவர ஊனிலும் மாட்டூனிலும் அளந்த 190 நுண்பொருள்களுள் 171 வேறுபட்டிருந்தன. ஆகவே ஊனுண்டு வந்தவர்க்கு இவை நல்ல மாற்று. பருப்புண்டு வருபவர்க்கு இவை பருப்பைவிட மேலானவை அல்ல. கொண்டைக்கடலைச் சுண்டலை விட்டு இதனை நாடுவது, கைவசமுள்ள நெய்யை விட்டு வெண்ணெய்க்கு அலைவதை ஒக்கும்.

வாங்குமுன் படித்தறிக

அயலூரில் வாழும் நம் மக்கள் இவற்றை உண்ண நேரின், உறையில் அச்சிட்டதைப் படியாமல் வாங்கலாகாது. இங்கிலாந்தில் 1985 முதல் விற்பனையாகும் ஒருவகை ஊன்மாற்று உணவு, பூஞ்சையை வளர்த்துச் செய்யப்படுவது. அதன் பல வகைகளில் முட்டை வெண்கரு சேர்கிறது. வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் ஈஸ்ட்டும் பலவற்றில் இடம்பெறுகின்றன. சிவப்பு நிறத்துக்குப் பீட்ரூட் சாறும், இறுகுவதற்கு உருளைக்கிழங்கு மாவும் சேர்ப்பதுண்டு. கிழங்கு விலக்கிய விரதியர் இதனைக் கருத வேண்டும்.

நம் நாட்டில் பச்சைப் புள்ளியைக் கண்டதும் நாம் நிம்மதி அடைகிறோம். ஊனும் முட்டையும் இல்லை என்பதற்கே அது உறுதி. தேன் சேர்ந்த பொருளும் அப்புள்ளியைப் பெறலாம். மூலகுணத்தில் விலக்கப்பட்ட மூன்றனுள் ஒன்று அவ்வாறு நுழையக்கூடும். பாலும் தேனும்கூட இல்லாத முழுத் தாவர உணவுக்கென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தனி விதிகளையும் தனிச் சின்னத்தையும் வகுத்துள்ளது. மற்றொன்று: விலங்கின் உயிரணுவை எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் ஊன் 2020-இல் சிங்கப்பூரில் விற்பனைக்கு இசைவு பெற்றது. அது தாவர உணவன்று; ஊனே. இரண்டையும் ஒன்றென மயங்கற்க.

உறையில் அச்சாகாத ஹிம்சையும் உண்டு. குருதி போன்ற நிறத்தையும் சுவையையும் தருவதற்காக ஓர் அமெரிக்க நிறுவனம் புதிய புரதம் ஒன்றைத் தன் தாவர ஊனில் சேர்த்தது. அதன் தீங்கின்மையை மெய்ப்பிக்க எலிகளைக் கொண்டு சோதனை நடத்தப்பட்டதை அதன் நிறுவனரே 2017-இல் வெளிப்படையாக எழுதினார். மாடுகளைக் காக்க எலிகளை ஈந்தது தகுமா என்று அந்நாட்டில் வழக்காடினர். உயிரில் பெரிது சிறிது எண்ணாத நமக்கு அவ்வினாவின் விடை புதிதன்று. சுண்டலுக்கு அத்தகைய சோதனை எதுவும் வேண்டியதில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கன

பன்னிரண்டாம் எண்ணுள்ள பி வைட்டமினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதனை நுண்ணுயிர்கள் மட்டுமே ஆக்குகின்றன. தாவரங்களில் அது இல்லை. நாளொன்றுக்குத் தேவை இரண்டரை மைக்ரோகிராமுக்கும் குறைவே. எனினும் அது குன்றினால் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் மறதியும் தோன்றும். ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும். ஆகவே பால் குறைவாக உண்ணும் முதியோரும், பாலையும் துறந்த இளைஞரும் மருத்துவரைக் கலந்து அவ்வைட்டமினை மருந்தாகக் கொள்ளுதல் இன்றியமையாதது. நுண்ணுயிர்களைக் கொண்டே அதனை ஆக்குகின்றனர். விலங்கின் ஊன் வேண்டியதில்லை. குளிகையின் உறை மட்டும் விலங்கின் எலும்பாலும் தோலாலும் செய்த ஜெலட்டினா என்று கேட்டறிக.

இரும்புச் சத்துக்குக் கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லியோ உடன் சேர்ப்பின் உடல் அதனை நன்கு ஏற்கும். உணவோடு தேநீரும் காப்பியும் அருந்தினால் அது தடைப்படும். கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் நற்பழக்கத்தில், மாலை உணவை வெறும் சோற்றோடு முடிக்காமல் ஒரு கிண்ணம் பயறு சேர்த்தால் இரவு முழுதும் பசியின்றிக் கழியும்.

அன்பர்களே! தாவரங்களும் ஓரறிவுயிர்களே. அவற்றை உண்பதிலும் சிறு ஹிம்சை உண்டு என்பதை உணர்ந்தே நம் முன்னோர் அளவோடும் நன்றியோடும் உண்டனர். உண்பது உடலைக் காக்க. உடலைக் காப்பது அறம் செய்ய. இவ்விரண்டையும் மறந்து, நாவின் வேட்கைக்காக மாவில் ஊனைத் தேடுவோமாயின், யசோதரனின் பலிபீடம் நம் உணவுமேசைக்கு இடம்பெயர்ந்துவிடும். கொலையை விட்டு வருவோர்க்கு மாவிறைச்சி ஒரு படியாகட்டும். அவரைக் கைதூக்கி வரவேற்போம். முன்னரே மேற்படியில் நிற்கும் நாம், நம் பிள்ளைகளின் தட்டில் பருப்பையும் பயறையும் பாலையும் குறைவற இட்டு, "எங்கள் உணவில் என்ன குறை?" என்று அவர்கள் எவ்விடத்தும் தலைநிமிர்ந்து கேட்குமாறு வளர்ப்போமாக.

எவ்வுயிரும் இன்புறுக! கொல்லாமை ஓங்குக! சினநெறி வாழ்க!